ஏட்டம்மாவின் வலது கால்

செம்மண்டலத்தில் குடியிருந்த அமிர்தம் கடலூரில் மகளிர் போலீஸ். சுனாமி வந்த அந்த டிசம்பரில் தேவனாம்பட்டினத்தில் பந்தோபஸ்துக்கு நின்றபோதுதான் வலது கால் ஷூவுக்குள் ஏதோ இடிக்கிறது என்று முதலில் கவனித்தாள். சுற்றிலும் ஜனம் பிள்ளைகளைத் தேடி அழுதுகொண்டிருந்த இடத்தில் சொந்தக் காலை நினைப்பதே பாவம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால், பெருவிரலின் அடிமூட்டு சிவந்து, கொட்டைப்பாக்கு போலத் துருத்திக்கொண்டிருந்தது. ஷூ கடித்திருக்கும் என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஷூ கடி என்றால் ஆறியிருக்கும். இது ஆறவில்லை. போகப் போகப் பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய ஆரம்பித்தது. மூட்டு இன்னும் வெளியே தள்ளியது. டிபார்ட்மென்டில் கொடுக்கும் கறுப்பு ஷூ நீளத்துக்குச் சரியாக இருந்தால் அகலத்தில் இறுக்கும். ஒரு நம்பர் பெரிதாக வாங்கினால் குதிகால் கழன்று வரும். கடைசியில் பிளேடால் ஷூவின் ஓரத்தை அறுத்து, எலும்பு வெளியே மூச்சு விட ஒரு ஓட்டை போட்டாள். வெள்ளைச் சாக்ஸ் தெரியாமலிருக்க அதன் மேலேயும் பாலிஷ் பூசினாள்.

கணவர் சார்லஸ் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். அவர்தான் அவளை மங்கலம்பேட்டைப் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப் போனார். அந்த வைத்தியர் விரலை நேராக இழுத்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டு இருந்தவரை விரல் நேராக இருந்தது. அவிழ்த்ததும் பழையபடி சாய்ந்தது, வலிதான் கூடியது. பிறகு டவுனில் ஒரு கிளினிக். அங்கே இருந்த டாக்டர் மேசையை விட்டு எழாமலே, "யூரிக் ஆசிட்மா, கறியெல்லாம் நிறுத்துங்க" என்றார். ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை தின்றதில் வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பும் போயிற்று. எலும்பு அங்கேயே இருந்தது.

"இது இப்படியேதான் இருக்கும் போலிருக்குது, விடுங்க" என்று அவள் சார்லஸிடம் சொன்னாள். அதற்குள் ஏட்டு ஆகியிருந்தாள். பதவி உயர்ந்தாலும் நிற்கிற வேலை குறையவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில், மழை முடிந்த ஒரு மாதத்தில், கொளஞ்சியம்மாள் என்ற ரிமாண்ட் கைதியைச் சிதம்பரம் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும் வேலை அமிர்தத்துக்கும் இன்னொரு கான்ஸ்டபிள் மாலதிக்கும் வந்தது. பாண்டிச்சேரி பாட்டில் கடத்திய கேஸ். பிடிபட்ட அன்று ஓடி விழுந்ததில் கை முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தது. கோர்ட் முடிந்ததும் கட்டைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

மாலதி வாய்தா தேதி வாங்க கோர்ட்டிலேயே நின்றுவிட, இவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். கொளஞ்சியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா ஏட்டம்மா, என்ன இட்டுக்கினு வர்றதுக்கே உனக்குத் தெம்பு இல்லியே. நான் ஓடினா இன்னா பண்ணுவே?"

"ஓடாத. எனக்கு வேல போயிடும்."

"ஓடறதுக்கு எனக்கு மட்டும் தெம்பு இருக்குதா இன்னா" என்று சொல்லிவிட்டு அவளும் மெதுவாகவே நடந்தாள்.

எலும்பு டாக்டர் எழிலன் சின்ன வயதுக்காரர். கோயமுத்தூரில் பாதத்து எலும்புகளுக்கென்றே பயிற்சி எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். கைதியின் கையைப் பிடித்துப் பார்க்கப் போனபோது கொளஞ்சியம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு அப்புறம் பாரு சார். இந்தம்மா காலப் பாரு மொதல்ல. கோர்ட்லேருந்து சுவத்தப் புடிச்சிக்கினே வருது."

"சும்மா இரு நீ" என்று அமிர்தம் அதட்டினாள். ஆனால் டாக்டர் ஷூவிலிருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டார். கழற்றச் சொன்னார். யூனிபார்மோடு, ஒரு கைதிக்கு முன்னால் வெறுங்காலை நீட்டிக்கொண்டு உட்கார அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"இதுக்குப் பேரு பனியன்" என்றார் டாக்டர்.

"மேல போடுற பனியனா சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சத்தம் ஒண்ணுதாம்மா. இது இங்கிலீஷ் பேரு." நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்து, படத்தை வெளிச்சத்தில் காட்டினார். "பாருங்க, இது புதுசா வளர்ந்த எலும்பு இல்ல. உங்க பாதத்து எலும்புதான் கொஞ்சங் கொஞ்சமா வெளிப்பக்கம் நகர்ந்துடுச்சு. அதனால வெரல் உள்ள சாயுது. எண்ணெயும் மாத்திரையும் இத நேராக்காது. உங்க அம்மாவுக்கு இப்படி இருந்துச்சா?"

இருந்தது. குறிஞ்சிப்பாடியில் நடவு நட்ட அம்மாவின் கால் அப்படித்தான் இருந்தது. செருப்பே போடாத கால் என்பதால் யாரும் அதை நோய் என்று நினைத்ததில்லை.

"அப்போ அம்மாகிட்டேருந்து வந்தது. இறுக்கினது ஷூ" என்றார் அவர். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் யூரிக் ஆசிட் சரியாகத்தான் இருந்தது. எழுந்து போகும்போது அமிர்தத்துக்கு அழுகை வந்தது. வலிக்காக இல்லை. தின்ற மாத்திரைகளை நினைத்து.

அறுவைதான் என்று டாக்டர் அவசரப்படுத்தவில்லை. முன்பக்கம் அகலமான ஷூ, விரலிடுக்கில் வைக்க ஒரு சிலிக்கோன் துண்டு, வீக்கத்துக்கு ஐஸ். சில மாதம் பார்க்கலாம் என்றார். கேன்வாஸ் ஷூ போட அனுமதி கேட்டு அவர் எழுதிக் கொடுத்ததை இன்ஸ்பெக்டர் முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டார். கொஞ்சம் தேவலாம் போலிருந்தது. ஆனால் ஆருத்ரா திருவிழாத் தேரோட்டத்துக்குச் சிதம்பரத்தில் விடியற்காலையிலிருந்து நின்ற அன்று, தேர் நிலைக்கு வந்த பிறகு அவளால் வேன் படியில் ஏற முடியவில்லை. மாலதியும் டிரைவரும் தூக்கி ஏற்றினார்கள்.

"பண்ணிடுங்க சார்" என்று அடுத்த வாரம் போய் நின்றாள்.

"அழகுக்காகப் பண்றதில்லம்மா, வலிக்காகத்தான். முழுசா போகும்னும் சத்தியம் பண்ண மாட்டேன். வீக்கம் வத்த மாசக்கணக்கா ஆகும்."

"நிக்க முடிஞ்சா போதும் சார்."

எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்க்ரூ போட்டார்கள். ஆறு வாரம் குதிகாலில் மட்டும் நடந்தாள். சார்லஸ் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து சோறு வடித்தார். மகள் சிந்துஜா பாத்திரம் தேய்த்தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அத்தனை வருஷத்தில் அமிர்தம் பகலில் படுத்திருந்தது அப்போதுதான். முதல் வாரம் முழுக்கத் தூங்கினாள். கால் வலியைவிடப் பெரிய களைப்பு உடம்பில் எங்கெங்கோ தேங்கியிருந்தது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

திரும்பி டியூட்டிக்குப் போனபோது கொளஞ்சியம்மாள் தண்டனை முடிந்து வெளியே போயிருந்தாள். எங்கே போனாள் என்று விசாரிக்க அமிர்தத்துக்கு நேரம் வாய்க்கவில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவளை ஸ்டேஷனில் புகார் வாங்கும் மேசைக்குப் போட்டார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. வலது காலில் அந்தக் குத்தல் இல்லை, மழை நாளில் மட்டும் ஒரு இழுப்பு. இடது காலில் மூட்டு லேசாகத் துருத்த ஆரம்பித்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், ஷூவை மட்டும் பார்த்துப் போடுங்கள் என்றார். இன்னொரு தடவை படுக்க வேண்டாம் என்றதே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அறுத்த விரல் முழுதாக மடங்குவதில்லை. மாதா கோயிலில் எல்லோரும் முழங்காலிடும்போது அமிர்தத்தால் விரலை ஊன்றி உட்கார முடியாது. பெஞ்சிலேயே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் குளிர்ந்த தரையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் முடிவதற்குள் தூங்கியும் போவாள். சார்லஸ் எழுப்புவதில்லை.