ஒருவருக்குப் போதுமான குடை

குடை என்றாலே எனக்கு எரிச்சல். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் நெரிபட்டு வேலைக்குப் போகிறவளுக்கு நீளக் குடை பெரிய தொல்லை. அதனால்தான், கைப்பையின் மூலைக்குள் அடங்கும் ஒரு குடையின் விளம்பரம் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தக் குடை இன்னும் தயாராகவில்லை. இப்போதே பணம் கட்டி உதவுகிறவர்களுக்கு அடுத்த வருடம் அனுப்புவார்களாம். கட்டுவதா விடுவதா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

பணம் கட்டுவதற்குக் கடைசி நாளன்று, என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லாவின் தாயாரை அடக்கம் செய்ய, கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து சேமக்காலைக்குக் கொண்டுபோனோம். வழக்கம்போல நான் குடை கொண்டுபோகவில்லை. குழியருகே நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

"இங்கால வா, நனையிறாய்" என்று ஸ்டெல்லா என்னைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சுவாமியார் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். நானோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போனை எடுத்து அந்த விளம்பரத்தைத் திறந்தேன். 'ஒருவருக்குத் தாராளமாகப் போதும்' என்று போட்டிருந்தது. நிமிர்ந்தேன். தாயைப் புதைக்க நின்றவளின் ஒரு தோள் முழுவதும் நனைந்திருந்தது. என்மேல் ஒரு துளி இல்லை.

"குடையை உன்ர பக்கம் பிடி" என்றேன்.

"பரவாயில்ல" என்றாள். போனை அவள் பார்த்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பணம் கட்டவில்லை. காலி வீதிக் கடையொன்றில் பெரிய கறுப்புக் குடை வாங்கினேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கல்லறைக்குப் போனபோது மழை இல்லை, கடும் வெயில். ஆனாலும் விரித்தேன். ஸ்டெல்லா உள்ளே வந்து நின்றாள்.