தலையணைக்கு அடியில் ஓர் அலாரம்

அலாரம் அடித்தபோது நான் தக்காளி சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம். நியூசிலாந்தில் ஒரு பனிச்சறுக்கு மலை. அதன் பாதி உயரத்தில் மூன்று மாடி மர விடுதி. வெளியே பனி கொட்டியதில் மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர் மம்பாவில் ஏர்கோனைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலே போர்வை தேடும் எனக்கு அங்கே என்ன வேலை? தேவி கூப்பிட்டாள். போனேன்.

தேவி என் சித்தி மகள். கோலா சாவாவில் எஸ்டேட் வீட்டில் பிறந்தவள். எலெக்ட்ரிகல் படித்தாள். சிரம்பானில் தீ அலாரம் பொருத்தும் வேலைக்குப் போனாள். ‘பொம்பளப் பிள்ளை ஏணி ஏறி ஒயர் இழுப்பாளா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நானும் கேட்டேன்... இங்கே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இப்போது அந்த விடுதியின் அலாரம் முழுவதும் அவள் பொறுப்பு.

போன முதல் நாளே என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். மலையை அல்ல — ஒரு சிவப்புப் பெட்டியை!

“இதாங்க்கா மூளை. எந்த ரூம்ல பிரச்னையோ அந்த ரூம் பேரு இதுல வந்துரும்.”

கூரையடியில் ஓடும் குழாய்களைக் காட்டி, அவற்றில் தண்ணீரே இல்லை என்றாள். தீயணைக்கும் குழாயில் தண்ணீர் இல்லையா?

“தண்ணி நின்னா உறைஞ்சு பைப்பு வெடிச்சிரும் லா. அதனால உள்ள காத்துதான் இருக்கு. நெருப்புச் சூடு பட்டா மூடி தெறிக்கும், காத்து வெளிய போகும், பின்னாலயே தண்ணி ஓடி வரும்.”

நான் அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன். மனுசன் எவ்வளவு யோசித்திருக்கிறான்!

சரி, சூப்புக்கு வருவோம்.

நம் ஊர் பேரங்காடியில் அலாரம் அடித்தால் நாம் என்ன செய்வோம்? பக்கத்து மேசையைப் பார்ப்போம். அவர்கள் சாப்பிட்டால் நாமும் சாப்பிடுவோம். பழக்கதோஷம்... அங்கேயும் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து மேசை காலி! அத்தனை பேரும் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் ஓடவில்லை. யாரும் கத்தவில்லை.

“அக்கா! எந்திரிங்க!” தேவி ஓடி வந்தாள்.

“என் பேக்கு மேல ரூம்ல...”

“பேக்கெல்லாம் வேணாம்! ஜாக்கெட் போட்டிருக்கீங்கதானே? அவங்க பின்னால போங்க!” சொல்லிவிட்டுச் சிவப்புப் பெட்டியை நோக்கி ஓடினாள்.

நடைவழியில், எப்போதும் திறந்தே நிற்கும் கனமான கதவுகள் தாமாகச் சாத்திக்கொண்டன. பிடித்து வைத்திருக்கும் காந்தம், அலாரம் அடித்தால் விட்டுவிடுமாம். தள்ளித் திறந்து போனோம். பின்னால் மறுபடியும் சாத்திக்கொண்டன. கட்டடமே விழித்துக்கொண்டு எங்களைப் பத்திரமாக வெளியே அனுப்புவது போல இருந்தது. எனக்குப் புல்லரித்தது. குளிரால் அல்ல.

வெளியே, பனி வண்டிகள் நிற்கும் கொட்டகையில் ஒரு பெண் பெயர்ப் பட்டியலை வாசித்தாள். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை.

ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். அது தன் மனைவி என்றார். முழங்காலில் அடிபட்டு மூன்றாவது மாடியில் தூங்குகிறாள்... அவளுக்குக் காது கேட்காது.

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே குளிர்ந்தது. காது கேட்காதவருக்கு இத்தனை சத்தம் எதற்கு உதவும்?

தேவி வெளியே வந்தாள். “மூணாவது மாடிதாங்க்கா. ஈரத்துணி காயப்போடுற ரூம்.” அதே மாடி!

அந்த மனிதர் உள்ளே ஓடப் பார்த்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். முகமூடி போட்ட ஊழியர்கள் ஏற்கெனவே மேலே போயிருந்தார்கள். தேவி அவர் முன்னால் போய் நின்று ஆங்கிலத்தில் சொன்னாள்: அந்த அறையில் தலையணைக்கு அடியில் அலாரத்தோடு இணைத்த ஒரு தட்டு வைத்திருக்கிறேன், அலாரம் அடித்தால் அது ஆடும், சுவரில் விளக்கு வெட்டி வெட்டி எரியும், அவர் கட்டாயம் எழுந்திருப்பார்.

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஆனால் திரும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள் பாருங்கள்... நகம் பதிந்துவிட்டது.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. முகமூடிக்காரர்கள் இருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் வந்தார். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் தாமாகவே எழுந்து, ஒரு காலை நீட்டியபடி, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு மாடி இறங்கியிருந்தார்! கணவரைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் தலையணை ஆடியதை ஆட்டிக் காட்டினார். சிரித்தார். பிறகு அழுதார்.

யாரோ ஈரக் கையுறைகளை ஹீட்டர் மேலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓர் அலமாரியோடு போயிற்று. சாத்திக்கொண்ட கதவு புகையை உள்ளேயே அடக்கி வைத்திருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து எங்களை உள்ளே விட்டார்கள். தேவியைக் காணோம். தேடிப் போனால், சிவப்புப் பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“எல்லாந்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே, ஏன் அழற?”

“போன வாரம் செக் பண்ணப்ப அந்தத் தட்டு ஆடலக்கா. ஒயர் கழண்டு கெடந்துச்சு. அப்ப அந்த ரூம்ல ஆள் இல்ல. அப்புறம் பார்த்துக்கலாம்னு கீழ இறங்கினேன். பாதிப் படி வந்து, மனசு கேக்காம திரும்பப் போய் மாட்டினேன்... பாதிப் படிக்கா!”

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஆளில்லாத அறைக்குத் திரும்ப ஏறிப் போன அந்தப் பாதிப் படியை யார் பார்த்தார்கள்? யாராவது கைதட்டினார்களா? நம் உயிர் இப்படி எத்தனை பேருடைய பாதிப் படியில் தொங்கிக்கொண்டிருக்கிறதோ...

ஊர் திரும்பியதும் கோலா சாவாவுக்குப் போய்ச் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். சித்தி பேசாமல் கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் கேட்டார்: “அந்தக் காது கேக்காத பொண்ணு இன்னும் அங்கதான் இருக்காளா?”

“கால் சரியாகிற வரைக்கும் இருப்பாங்களாம் சித்தி.”

“கோயில் திருவிழாவுக்கு தேவிய வரச் சொல்லணும்னு இருந்தேன்...” என்றார். கொஞ்சம் யோசித்தார். “அவசரமில்ல. அந்தப் பொண்ணு வீடு போய்ச் சேரட்டும், அப்புறம் வரச் சொல்லு.”