ஒரு சிலிண்டரில் இரண்டு மூச்சு

நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. நடந்தது. அதுவும் இருட்டில் இல்லை, காலை வெயிலில். என் கையில் கட்டியிருந்த டைவ் கடிகாரம் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நேரங்களை எழுதுகிறேன்.

என் மனைவி கடலில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் இறந்த அன்று, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்கியது நானும் அவளும்தான். இறங்குவதற்கு முன் ஒருவருடைய கருவிகளை மற்றவர் சரிபார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. நாற்பது முறை சேர்ந்து இறங்கியாயிற்று, இனி என்ன என்று விட்டுவிட்டோம். அவளுடைய சிலிண்டர் வால்வு பாதிதான் திறந்திருந்தது. படகில் அது தெரியாது, மூச்சு நன்றாகவே வரும். ஆழத்தில் வராது.

ஒவ்வொரு சிலிண்டரிலும் மூச்சுக்கு இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று நமக்கு. மஞ்சளாக இருக்கும் மற்றது, கூட வருபவருக்குக் காற்று தடைப்பட்டால் கொடுக்க. அது நெஞ்சருகே, ஒரே இழுப்பில் வரும்படி இருக்க வேண்டும். என்னுடையது ஜாக்கெட் பைக்குள் சிக்கியிருந்தது. அவள் இழுத்தாள். நானும் இழுத்தேன். வரவில்லை. பிறகு அவள் கை விட்டது.

போன மாதம் அவள் தம்பி போன் செய்தான்.

"மச்சான், ஒரு தடவை சேர்ந்து இறங்கலாம். அதே இடத்துல."

ஏன் என்று நான் கேட்கவில்லை. மறுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

காலை 6:30. டைவ் கடையின் பின்னறை. எங்கும் ஈர ரப்பர் வாடை. இந்த முறை எதையும் விடவில்லை. வால்வை முழுக்கத் திறந்தேன். காற்றளவு முள் 200-இல் நின்றது, முழுச் சிலிண்டர். முள்ளைப் பார்த்தபடியே நான்கு மூச்சு இழுத்தேன். ஆடவில்லை. எடைப் பட்டை, கொக்கிகள், முகமூடி. மஞ்சள் குழாயை வலப்பக்கம் நெஞ்சில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். வந்தது. மறுபடி மாட்டினேன். மறுபடி இழுத்தேன்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க இவ்வளவு நேரம் ரெடியாகலை மச்சான்" என்றான் மைத்துனன்.

"திரும்புடா. உன் வால்வைப் பார்க்கணும்."

"மூணு தடவை பார்த்துட்டீங்க."

"நாலாவது தடவையும் பார்க்கிறேன்."

"நீங்க முடிக்கறதுக்குள்ள கடல் வத்திடும் சார்" என்றார் வாசலில் நின்ற படகுக்காரர்.

மைத்துனன் சிரிக்கவில்லை. ஏதோ கேட்க வாயெடுத்தான். கேட்காமல் படகில் ஏறினான்.

7:12. இறங்கினோம். அவன் எனக்கு மூன்று மீட்டர் முன்னால் போனான்.

7:19. பதினெட்டு மீட்டர் ஆழம். மணல் தரை. முள் 160.

7:21. முள் 140. இவ்வளவு வேகமாகக் குறையக் கூடாது. பதறினால் காற்று அதிகம் செலவாகும். நான் பதறவில்லை. எண்ணி எண்ணி மூச்சு விட்டேன்.

7:23. முள் 115.

தண்ணீருக்கடியில் நம் மூச்சு நமக்கே பெரிதாகக் கேட்கும். ஸ்ஸ்ஸ்... என்று ஓர் இழுப்பு. பிறகு குமிழிகள். நான் மூச்சை நிறுத்திப் பார்த்தேன்.

ஸ்ஸ்ஸ்...

நான் இழுக்கவில்லை.

நெஞ்சைத் தொட்டேன். மஞ்சள் குழாய் அங்கே இல்லை. என் தோளுக்குப் பின்னால் போய் விறைத்து நின்றது. யாரோ பிடித்திருப்பதைப் போல.

பின்னாலிருந்து குமிழிகள் மேலே போயின. பெரிய குமிழிகள்... வேக வேகமாக...

நான் திரும்பவில்லை.

7:26. முள் 70.

ஐம்பதில் மேலே கிளம்ப வேண்டும். அது விதி.

50...

40...

கிளம்பவில்லை.

எடுத்துக்கொள்ளட்டும்.

30.

மைத்துனன் திரும்பிப் பார்த்தான். பாய்ந்து வந்து என் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தான். மஞ்சள் குழாய் ஒரு முறை வெடுக்கென்று இழுபட்டது.

பிறகு தளர்ந்தது.

8:40. கடைக்குப் பின்னால், கருவிகளை நல்ல தண்ணீரில் அலசும் தொட்டி. மைத்துனன் என் மஞ்சள் குழாயைக் கையில் எடுத்தான். அதன் முனையில், வாயில் கவ்விக்கொள்ள நீல ரப்பர். அன்று காலை நானே பாக்கெட்டைப் பிரித்து மாட்டியது. பல்லால் கடித்துப் பிடிக்க அதில் இரண்டு சிறு மேடுகள் இருக்கும். இடப்பக்கத்து மேட்டைக் காணவில்லை. யாரோ கடித்துத் துண்டாக்கியிருந்தார்கள்.

"இதை வாயில வெச்சீங்களா மச்சான்?"

"இல்லடா."

அவன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா வாயில ஒரு ரப்பர் துண்டு இருந்துச்சு. ஆஸ்பத்திரில டாக்டர் எடுத்து என்கிட்ட குடுத்தார். அவளோட ரப்பர் முழுசாத்தான் இருந்துச்சு. அப்ப உங்களோடதுதான்னு நினைச்சேன். குடுத்துட்டுப் பிடுங்கிட்டீங்கன்னு."

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"எட்டு மாசமா அதே நினைப்பு. இன்னிக்கு நேர்ல கேக்கத்தான் கூப்பிட்டேன். வாய் வரலை."

"அன்னிக்கு என் குழாய்ல இருந்த ரப்பர் கருப்புடா" என்றேன்.

அவன் பர்ஸிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உள்ளே நீலத் துண்டு. அதைக் குழாய் முனையில் வைத்தான்.

பொருந்தியது. பல் தடம்கூடக் கோட்டோடு கோடு சேர்ந்தது.

கடைப்பக்கம் திரும்பி, "அண்ணே, இந்த நீல ரப்பர் எப்ப வந்துச்சு?" என்று கேட்டான்.

கடைக்காரர் உள்ளேயிருந்தே பதில் சொன்னார்.

"போன வாரம்தான் தம்பி. இதுக்கு முன்னாடி நீலத்துல வந்ததே இல்ல."