சாம்பார்னு பேர் வெச்சவன் நான்தான்

நீங்க வேலைய உட்டுட்டு, அதுக்கு அப்பாலயும் அதே வேலைக்கு தெனம் காலைல குளிச்சிட்டு கெளம்பிப் போயிருக்கீங்களா? நான் போய்கினு கீறேன். ராஜினாமா மெயில் அனுப்பி, ஓனர் சரின்னு பதில் போட்டு, நோட்டீஸ் பீரியடும் முடிஞ்சு போச்சு. ரிலீவிங் லெட்டர் மட்டும் வரல. அந்த ஒரு பேப்பர் இல்லாம கிண்டில கெடச்ச புது வேலைல சேத்துக்க மாட்டாங்க. வர்ற திங்கக்கெழமதான் அங்க கடைசி தேதி. ஏற்கெனவே ஒரு தபா தள்ளி வெச்சாங்க, இனிமே தள்ள மாட்டோம்னு அந்த ஹெச்ஆர் மேடம் ஃபோன்ல சிரிச்சுகினே சொல்லிட்டாங்க.

எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறைல வேல செய்றாரு. அவருக்கு இது மண்டைல ஏறவே மாட்டேங்குது.

"வேலைய உட்டுட்டல்ல?"

"உட்டுட்டேன் பா."

"அப்ப டிபன் பாக்ஸ தூக்கிகினு எங்கடா போற?"

"ஆபீசுக்கு."

"ஜெயில்லயே ரிலீஸ்னா ரிலீஸ்தான்டா. இன்னாடா கம்பெனி அது?"

இன்னா கம்பெனின்னா, குமணன்சாவடி ஜங்ஷன்ல டயர் கடைக்கு மேல மொத மாடி. வெப்சைட் செஞ்சு தர்ற கம்பெனி. ஏசி காத்து வெளிய போவக் கூடாதுன்னு ஜன்னல் எல்லாத்தையும் ஸ்க்ரூ அடிச்சு மூடிட்டாங்க. என் சீட்டுலேர்ந்து பாத்தா மெட்ரோ தூண் ஒண்ணு தெரியும், அவ்ளோதான். வானம் பாக்கணும்னா மொட்ட மாடிக்குப் போவணும். கொரட்டூர்லேர்ந்து வண்டில வந்து இங்க குந்துனா, கீழ டயர் வண்டிக்கு வண்டி மாறிகினே இருக்கும், நாம மாற மாட்டோம்.

லெட்டர் ஏன் வரலன்னா, தப்பு என்னுதுதான். அத்த ஒளுங்கா சொல்லிடறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் சேரும்போது நாங்க ஆறு பேரு. எல்லாம் காலேஜ் முடிச்சு நேரா வந்ததுங்க. மத்தியானம் ஒரு மணி ஆனா டேபிள் எல்லாத்தையும் ஓரமா தள்ளிட்டு தரைல பேப்பர விரிச்சு ஆறு டப்பாவையும் நடுவுல தொறந்து வெச்சிருவோம். யார் டப்பா யாருதுன்னு கணக்கே கெடையாது. எங்கம்மா வெச்ச வத்தக் கொழம்ப நான் துன்னதே இல்ல, நான் கைய கழுவிகினு வர்றதுக்குள்ள காலியாயிரும். அந்த கம்பெனில எனக்குப் புடிச்சது அந்த ஒரு மணி நேரந்தான்.

அப்போ எங்கிட்ட ஒரு சைட் குடுத்தாங்க. அம்பத்தூர்லேர்ந்து ஆவடி வரைக்கும் தண்ணி கேன் போடற ஒருத்தரோட சைட். ஜனங்க ஃபோன்ல கேன் புக் பண்ணுவாங்க, அது குட்டியானை வண்டி ஓட்டறவங்க ஃபோனுக்குப் போவும், அவங்க எறக்கிட்டு டிக் பண்ணுவாங்க. சின்ன சைட்தான். ஆனா அதே மாசம் கம்பெனில ஒரு சீனியர தூக்கிட்டாங்க. ஏன் தூக்குனாங்க தெரியுமா, அவர் எழுதுன கோட் அவ்ளோ சுத்தமா இருந்துச்சு, ஒரு ஃப்ரெஷர் படிச்சுப் பாத்தே புரிஞ்சுகினான். அவருக்கு பதிலா அவனே போதும்னு ஆயிப் போச்சு.

நான் உஷாரானேன். என் கோட் மேல எவனும் கை வெக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். சைட்டுல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபைல், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வெக்கணும். ஆர்டர்னா ஆர்டர்னு வெப்பாங்க. நான் சாம்பார்னு வெச்சேன். தெனமும் வரும்ல, அதான். எர்ரர் மெசேஜுக்கு அப்பளம். அன்னிய கணக்க மூடறதுக்கு தயிர் சாதம். ஞாயித்துக்கெழம புக் பண்ற கேன் திங்கக்கெழமதான் போவும், அதுக்கு பழைய கறிக் கொழம்பு, ஏன்னா ஞாயித்துக்கெழம ஊட்ல வெச்ச கறிக் கொழம்பு எங்க டப்பாவுக்கு திங்கக்கெழமதான் வரும். ஆர்டர் கேன்சல் பண்றதுக்கு லெமன் சாதம். இது எவனாலயும் கண்டே புடிக்க முடியாது. எங்க ஆறு பேருல ஒருத்தன் தெனமும் லெமன் சாதம் கொண்டாருவான். அவன் இல்லாம எந்த பிளானும் நடக்காது, அவனால எந்த பிளானும் நடக்காது. ஏலகிரி ட்ரிப்ப மட்டும் மூணு தபா கேன்சல் பண்ணான்.

நூத்தி நாப்பது ஃபைலு. எல்லாம் எங்க சாப்பாடு. ஆறு பேரும் படிச்சுட்டு உளுந்து உளுந்து சிரிச்சோம்.

அப்பால ஒவ்வொருத்தனா கெளம்பிட்டான். ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தி கல்யாணம் ஆயி கோயம்புத்தூர், லெமன் சாதம் பேங்க் எக்ஸாம் எழுதிப் பாஸ் பண்ணி போயிட்டான். எல்லாருக்கும் லெட்டர் ஒரே வாரத்துல வந்துச்சு. நான் ராஜினாமா போட்டப்போ ஓனர் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. நல்ல மனுஷன்தான், கோவமே பட மாட்டாரு, அதான் கஷ்டம்.

"தாராளமா போப்பா. அந்த தண்ணி கேன் சைட்ட மட்டும் யாருக்காச்சும் சொல்லிக் குடுத்துட்டுப் போ. அவங்க தனியா பாத்துகினா அன்னிக்கே லெட்டர்."

மொதல்ல ஒரு பையன் வந்தான். ரெண்டு வாரம் உக்காந்தான். மூணாவது வாரம் ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். அடுத்து ஒருத்தர் வந்தாரு, கொஞ்சம் வயசானவரு, ஃபைல் லிஸ்ட பாத்துட்டு, "தம்பி, இது ஓட்டல் சைட்டா?"ன்னு கேட்டாரு. தண்ணி கேன்னு சொன்னேன். மத்தியானம் சாப்டப் போறேன்னு போனவரு வரல. ஓனரே ஒரு நாள் மொத்தத்தையும் ஏஐ கிட்ட குடுத்து கேட்டாரு. இது தென்னிந்திய உணவகத்துக்கான மெனுன்னு சொல்லி, ரசத்த விட்டுட்டீங்க, சேக்கவான்னு கேட்டுச்சு. ஓனர் என்ன ஒரு பார்வ பாத்தாரு. நான் தூண பாத்தேன்.

மூணாவதா வந்தது ஒரு பொண்ணு. கோவில்பதாகைலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வருது. மொத வேல. மொத நாளு ஃபைல் லிஸ்ட பாத்துட்டு சிரிக்கவும் இல்ல, ஓடவும் இல்ல. மத்தியானம் டப்பாவ எடுத்துகினு எம்பக்கத்துல வந்து குந்துச்சு. இதெல்லாம் எங்க ஆறு பேரு டப்பால வந்த சாப்பாடு, லெமன் சாதம் ஒருத்தன் தெனமும் கொண்டாருவான்னு மட்டும் சொன்னேன்.

"ப்ரோ, அந்த லெமன் சாதம் கொண்டாந்தவரு எப்படி ஆளு?"

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

ஏலகிரி கதைய சொன்னேன். அது சாப்பிட்டுகினே, "அப்ப லெமன் சாதம்னா கேன்சலு"ன்னு சொல்லுச்சு. அன்னிலேர்ந்து தெனம் மத்தியானம் ஒரு கத கேக்கும். யாரு எத கொண்டாந்தாங்க, யாரு யார் கூட சண்ட போட்டாங்க. நான் சொல்லிகினே போவேன். பத்து நாள்ல பாதி சைட் அதுக்கு வந்துருச்சு. எனக்குள்ள பட்டாசு. கிண்டிக்கு எந்த சட்ட போட்டுகினு போறதுன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்.

போன வாரத்துக்கு முந்தின திங்கக்கெழம காலைல ஞாயித்துக்கெழம ஆர்டர் எல்லாம் ரெண்டு தபா போயிருச்சு. ஒரு கேன் கேட்டவங்க ஊட்டு வாசல்ல ரெண்டு கேனு. நான் வானகரம் சிக்னல்ல மாட்டிகினு கீறேன், ஃபோன் அடிச்சுகினே கீது. ஆபீஸ் வந்து பாத்தா எல்லாம் ஓடுது. சிஸ்டத்துல பாத்தேன். பழைய கறிக் கொழம்பு ஃபைல்ல ரெண்டு வரி மாறிகீது, ஒம்போதே முக்காலுக்கு, அந்தப் பொண்ணோட கம்ப்யூட்டர்லேர்ந்து.

ஓனர் ரூமுலேர்ந்து வெளிய வந்து கேட்டாரு. "யாருப்பா சரி பண்ணது?"

பொண்ணு தலைய தூக்கவே இல்ல. "ப்ரோதான் சார். வர்ற வழில ஃபோன்லயே பண்ணிட்டாரு. எனக்கு இன்னும் ஒண்ணும் புரியல சார்."

ஓனர் என் தோள தட்டிட்டு உள்ள போயிட்டாரு. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோட அந்தப் பொண்ண மொட்ட மாடிக்கு கூப்டுகினு போனேன்.

"இன்னாமா இது? நீதான பண்ண?"

"ஆமா."

"அப்ப ஏன் பொய் சொன்ன?"

"எனக்குத் தெரியும்னு சொன்னா நீங்க போயிடுவீங்க. நான் இங்க இருப்பேன். எனக்கு யாரு ப்ரோ வருவாங்க?"

"அதெல்லாம் வருவாங்க."

"உங்களுக்கு வந்த மாதிரியா?"

நான் கடுப்பாயிட்டேன். "உன் கம்ப்யூட்டர்லேர்ந்து மாத்துனது சிஸ்டத்துல பதிஞ்சுகீது. சார் கிட்ட காட்டவா?"

"காட்டுங்க." டப்பாவ மூடுச்சு. "வெளிய இருக்கறவன் வரக் கூடாதுன்னு பூட்டு போட்டீங்க, சரி. உள்ள நின்னுகினா ப்ரோ பூட்டுவாங்க?"

கீழ வந்து லேப்டாப்ல அந்த பதிவ தொறந்து வெச்சுகினு அர மணி நேரம் குந்தி இருந்தேன். கிண்டி ஹெச்ஆர் கிட்டேர்ந்து மெயில் வேற, லெட்டர் எப்போன்னு. நான் ஒண்ணும் நல்லவன் இல்ல, சொல்லிடறேன். லேப்டாப்ப தூக்கிகினு நேரா ஓனர் ரூமுக்குப் போனேன். காட்டத்தான் போனேன்.

அவரே ஆரம்பிச்சாரு. "வாப்பா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்தப் பொண்ணுக்கு ஏறல போல இருக்கு. மாசக் கடைசியோட அனுப்பிட்டு வேற ஆள் பாக்கலாமா?"

ரெண்டு வழியும் என் கைல வந்து நின்னுச்சு. காட்டுனா அது என் சீட்டுல குந்தும். காட்டலைன்னா அது ஊட்டுல குந்தும். லேப்டாப் பாதி தொறந்து கீது. அப்பா சொன்ன ஜெயில் வேற ஞாபகம் வந்து தொலையுது.

மூடிட்டேன்.

"அதுக்கு அறிவு நெறிய கீது சார். கோட்தான் கேவலம். நான் மாத்தி எழுதித் தர்றேன். ஆர்டர்னா ஆர்டர், கேன்சல்னா கேன்சல். யார் வேணா படிக்கலாம்."

ஓனர் கேட்டாரு. "இத்த மூணு வருஷம் முன்னாடியே பண்ணிருக்கலாம்லப்பா?"

"பண்ணிருந்தா என்ன தூக்கி இருப்பீங்க சார்."

மனுஷன் சிரிச்சுட்டாரு. மறுக்கவும் இல்ல. "முழுசா முடி. முடிச்சா லெட்டர். அந்தப் பொண்ணும் இருக்கட்டும்."

வெளிய வந்து அது கிட்ட சொன்னேன். யார் வேணா படிக்கலாம்னா நாளைக்கு என்னயும் தூக்கலாமேன்னு கேட்டுச்சு. தூக்கலாம், ஆனா நீயா போறதுன்னா போவலாம்னு சொன்னேன். யோசிச்சுட்டு நாற்காலிய இழுத்துகினு வந்து பக்கத்துல போட்டுச்சு.

அன்னிலேர்ந்து இதே வேலதான். ஒரு பேர மாத்துனா அது இன்னும் இருவது ஃபைல்ல கீது, ஒண்ண உட்டாலும் சைட் படுத்துக்கும், எங்கியோ ஒரு ஊட்டுல தண்ணி இல்லாம ஃபோன் பண்ணி திட்டுவாங்க. அது பழைய பேர படிக்கும், நான் அர்த்தம் சொல்லுவேன், அது புதுசு எழுதும். நேத்து லெமன் சாதம் வந்துச்சு. மனசு கேக்கல. அந்த லெமன் சாதக்காரனுக்கு மெசேஜ் போட்டேன்.

"மச்சான், இன்னிக்கு உன்ன அழிக்கப் போறேன்."

"எந்த சைட்டு?"

"தண்ணி கேன். முடிஞ்சுது கத. சனிக்கெழம எல்லாரையும் பாக்கலாமா, பழைய மாதிரி?"

கொஞ்ச நேரம் டைப் பண்ணிகினே இருந்தான். "கண்டிப்பா மாமே"ன்னு வந்துச்சு. பத்து நிமிஷம் கழிச்சு, "சாரி டா, சனிக்கெழம கஷ்டம், அப்புறம் பாக்கலாம்."

அந்தப் பொண்ணு எட்டிப் பாத்துட்டு, "இந்தப் பேர மட்டும் மாத்த வேணாம் ப்ரோ, கரெக்டா கீது"ன்னு சொல்லுச்சு. மாத்திட்டேன்.

இத்த சாப்பாட்டு டைம்ல டைப் பண்றேன். இன்னிக்கு வியாழக்கெழம. நூத்தி நாப்பதுல எம்பத்தி மூணு முடிஞ்சுகீது, திங்கக்கெழமக்குள்ள இன்னும் அம்பத்தேழு.