பெயர் விடுபட்ட கட்டளை

மருத்துவமனையில் அவளை எல்லோரும் ‘கறுப்புத் திரை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். படமோ பொத்தானோ இல்லாத கறுப்புத் திரையில் வரிவரியாகக் கட்டளை தட்டியே, அங்குள்ள கம்ப்யூட்டர்களையெல்லாம் இணைக்கும் சர்வரைக் கட்டி மேய்ப்பவள். பாஸ்வேர்டை மறந்துவிட்டு அசடு வழிய வந்து நிற்கும் நர்ஸ்களுக்குக் கண் இமைப்பதற்குள் புதிது போட்டுக் கொடுப்பாள். “இதையாவது ஞாபகம் வெச்சுக்கோங்கம்மா” என்று ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

அன்று அவளுக்குக் காய்ச்சல். ஒரே ஒரு வேலையை வீட்டிலிருந்தே முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். வேலையை விட்டுப் போன எக்ஸ்ரே டெக்னீஷியனின் கணக்கைப் பூட்ட வேண்டும். பூட்டும் கட்டளையைத் தட்டியவள், யாருடைய கணக்கு என்று பெயர் போடாமலே என்டரை அழுத்திவிட்டாள். பெயர் சொல்லாவிட்டால் தட்டியவரையே பூட்டிவிடும் கட்டளை அது. அவள் உட்கார்ந்திருந்ததோ சர்வரின் தலைமைக் கணக்கில்.

இனி அந்தக் கணக்கில் புதிதாக யாரும் நுழைய முடியாது. திரையில் ஏற்கெனவே திறந்திருந்த இந்த ஒரு ஜன்னல்தான் மிச்சம். இதுவும் மூடிக்கொண்டால் சர்வரையே நிறுத்தித்தான் சரிசெய்ய வேண்டும். அது நின்றிருக்கும் நேரத்தில் ஆபரேஷன் தியேட்டருக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகூடப் போகாது. காய்ச்சல் கண்ணோடு இன்னொரு தப்பைச் செய்துவிடக் கூடாதென்று முகம் கழுவ ஓடினாள்.

திரும்பி வந்தால், பஸ் ஓட்டும் கணவர் ஈரத்துணியோடு நிற்கிறார். இன்னொரு கை லேப்டாப்பின் மூடி மேல்.

“ஐயோ, கையை எடுங்க! மூடிடாதீங்க!”

பிடிபட்ட திருடன்போல இரண்டு கையையும் தூக்கினார். “மேசையத் துடைக்கலாம்னு வந்தேன். ஏன், வெடிச்சிடுமா?”

“என் வேலை வெடிச்சிடும்.”

“அப்ப நான் மூச்சே விடல, நீ பாரு.”

பூட்டைத் திறக்கும் கட்டளையை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தபடி தட்டினாள். திறந்துவிட்டதாகத் திரை சொன்னது. அவள் நம்பவில்லை. பழைய ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஒன்று திறந்து பாஸ்வேர்டைப் போட்டாள். உள்ளே விட்டது.

“அப்பாடா!” நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். “இனிமே மூச்சு விடுங்க.”

டெக்னீஷியனின் பெயரை மறக்காமல் போட்டு அவர் கணக்கைப் பூட்டினாள். பிறகு மேனேஜரைப் போனில் அழைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

“சரியாயிடுச்சுல்ல? விடுங்கம்மா. நீங்க ஒருத்தரே எல்லாத்தையும் சுமந்தா இப்படித்தான். அடுத்த வாரம் இன்னொருத்தருக்கும் தலைமை அனுமதி குடுத்திடுவோம். முதல்ல போய்ப் படுங்க.”

இதைத்தான் அவள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். சாயங்காலம் விழித்தபோது உடம்பெல்லாம் வியர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது. நன்றாகப் பசித்தது.