மாமனார் முடித்து வைத்த வைட்டமின் பாட்டில்

இன்று காலை ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நர்ஸ் கேட்டார்: "சார், வைட்டமின், சப்ளிமென்ட் ஏதாவது எடுக்கறீங்களா?"

(அடுத்த வாரம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். அனுதாபம் வேண்டாம், மேலே படியுங்கள்.)

கேட்டதும் எழுபதுகளின் மயிலாப்பூருக்குப் போய்விட்டேன். அப்போது இதே ஹெர்னியா என் மாமனாருக்கு. அவர் வழியில் எனக்கு வந்த ஒரே சொத்து இதுதான்.

அவருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவர் அமெரிக்காவில் இன்ஜினியர். இளையவர் அடையாறிலிருந்து பஸ்ஸில் வருபவர். நான் இளையவர்.

அமெரிக்கா அனுப்பிய வைட்டமின் ஈ பாட்டில், ஹாலில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கும். வருகிறவர்களுக்கு முதலில் அதன் தரிசனம், பிறகுதான் காபி.

ஆபரேஷனுக்குப் பதினைந்து நாள் முன்பே சர்ஜன் சொல்லிவிட்டார். வைட்டமின் ஈயும் கூடாது, தலைவலி மாத்திரையும் கூடாது, இன்றோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அறுத்த இடத்தில் ரத்தம் நிற்க நேரமாகும் என்று.

மாமனார் பயபக்தியுடன் தலையாட்டினார். கூடவே நானும்.

அட்மிஷன் அன்று காலை அவரை அழைத்துப் போக வந்தேன். சமையலறை ஜன்னலில் அந்த பாட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது. இனி அதில் பெருங்காயம் போடப்போவதாக மாமியார் சொன்னார்.

பதினைந்து நாள் முன்பு அதில் பாதிக்கு மேல் மாத்திரை இருந்தது.

மாமாவைக் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை.

"நிறுத்தச் சொன்னார், சரி. பாக்கியை என்ன பண்றது? ஃபாரின் சாமான், கொட்டறதா? தினம் நாலு நாலாப் போட்டு முடிச்சேன். இன்னிக்குக் கார்த்தால கடைசி. இதோ, நிறுத்தியாச்சே."

(நாலு போட்டதில் தலை வலித்திருக்கிறது. அதற்குத் தலைவலி மாத்திரையும் போட்டிருக்கிறார்.)

டாக்சியில் ஏறியதும் எனக்கு உத்தரவு வந்தது. "அங்க வந்து நீங்க வாயைத் திறக்கப்படாது, மாப்ளே. பெரிய மாப்பிள்ளை ஆசையா அனுப்பினது. அவர் பேர் கெட்டுடும்."

சொன்னால் பொறாமைக்காரன். சொல்லாவிட்டால் அவர் ரத்தம். வழி முழுக்க இதைத்தான் யோசித்தேன்.

நர்சிங் ஹோமில் சர்ஜன் கேட்டார், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று. "ஒண்ணும் இல்லை" என்றார் மாமா. நீதிமன்றத்தில் கூட அவ்வளவு தெளிவான மனசாட்சியை யாரும் பார்த்திருக்க முடியாது. மறுநாள் காலை ஆறு மணிக்குத் தியேட்டர் என்று எழுதத் தொடங்கினார் சர்ஜன்.

"டாக்டர், பாட்டில் இன்னிக்குக் கார்த்தாலதான் காலியாச்சு" என்றேன்.

சர்ஜன் பேனாவை மூடினார். எத்தனை என்று கேட்டார். சொன்னேன். தலைவலி மாத்திரையையும் சேர்த்துச் சொன்னேன்.

"பதினஞ்சு நாள் கழிச்சு வாங்கோ" என்றார் அவரிடம். "இந்தத் தடவை எதையும் முடிச்சுட்டு வர வேண்டாம்."

திரும்பும் டாக்சியில் மாமா டிரைவரோடு மட்டும்தான் பேசினார். சின்ன மாப்பிள்ளைக்குப் பெரிய மாப்பிள்ளையைக் கண்டால் ஆகாது என்று அபிராமபுரம் வரை செய்தி போயிற்று.

பிறகு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குணமடைய வாழ்த்துச் சொல்லி அமெரிக்காவிலிருந்து இன்னும் பெரிய பாட்டில் வந்தது.

மாமா எனக்கு நன்றி சொன்னதில்லை. ஆனால் பல் பிடுங்கப் போனால்கூட என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுவார். ஏன் என்று கேட்டால், பஸ் நம்பர் தெரிந்த ஆள் வேண்டும் என்பார்.

சரி, கவுன்ட்டருக்கு வருவோம். நர்ஸ் காத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் எடுக்கறதில்லைம்மா" என்றேன்.

(டல்லாஸில் இருக்கும் என் பெரிய மாப்பிள்ளை ஆசையாக அனுப்பிய மீன் எண்ணெய் மாத்திரை. போன வாரமே நிறுத்தச் சொன்னார்கள். கொஞ்சம்தான் பாக்கி இருந்தது.)

பின்னால் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்ற என் சின்ன மாப்பிள்ளை, நங்கநல்லூர்க்காரர், தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர், இன்னிக்குக் காலைல மூணு போட்டார். பாட்டில் காலி."

ஆபரேஷன் தள்ளிப் போயிருக்கிறது.

டல்லாஸ் மாப்பிள்ளை மேல் இவருக்கு எவ்வளவு பொறாமை, பாருங்கள்.