உடைமுள்ளில் தொங்கிய ஓணான்

விலங்கியல் படிக்கிறவன் செய்வினைக்குப் பயப்படலாமா? நான் பயந்தேன். அந்த மார்கழியில் எங்கள் வயல் வரப்பில் நின்ற உடைமரத்து முள்ளில் ஒரு ஓணானும் இரண்டு வெட்டுக்கிளிகளும் குத்தித் தொங்கியதைப் பார்த்ததும் செய்வினைதான் என்று அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

அப்பா அடுத்த வயல்காரரைத்தான் சந்தேகப்பட்டார். அவர் மகனுக்குத்தான் அக்காவைத் தையில் கொடுப்பதாகப் பேச்சு.

"செய்வினை வைக்கவன் வீட்டுக்கு எம் மவளா? நடக்காது!"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம், "ஏலே, நீ காலேஜ் படிச்சு என்னத்துக்கு? என்னன்னு பாரு மக்கா" என்றாள்.

மறுநாள் விடியலில் வரப்பில் போய் உட்கார்ந்தேன். பனிக்குள் நெற்பயிர் மிதப்பது போலிருந்தது. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போட்ட ஒரு கீச்சான் குருவி உடைமர உச்சியில் வந்து அமர்ந்தது. திடீரென்று பயிருக்குள் விழுந்து, ஒரு தவளைக்குஞ்சோடு எழுந்தது. பிறகு தின்பதற்காக அதை முள்ளில் வைத்து நிதானமாக அழுத்தியது, ஈரத்துணியைக் கொடியில் போடுகிற மாதிரி.

ஓடிப்போய் அப்பாவை இழுத்து வந்தேன். கீச்சான் அடுத்து ஒரு வெட்டுக்கிளியைக் குத்தியது. அந்தப் பக்கம் மண்வெட்டியோடு வந்த அடுத்த வயல்காரரைப் பார்த்து அப்பா கை தட்டினார்.

"ஓய் சம்மந்தி, இங்க வாரும்! இந்தக் கள்ளப்பயலைப் பாரும்!"

அவரும் பார்த்தார். "அட, நீரு வச்சதுன்னுல்லா நான் நெனச்சேன்!"

இருவரும் சிரிக்கவில்லை. தோளோடு தோள் உரச நின்று பறவையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயம் கலைகிறபோது மனிதர்கள் எவ்வளவு அமைதியாகிவிடுகிறார்கள் என்பதை அன்றுதான் கண்டேன்.